ரொறன்ரோவில் வெட்டிய முகத்துவாரம்: பிள்ளைகளோடு ஏரிக்கரையில் ஒரு நாள்

ஓகஸ்ட் மாத நீண்ட வார இறுதிச் சனிக்கிழமை. நாங்கள் நான்கு குடும்பங்கள். இரண்டு வயதுக் குழந்தை முதல் எழுபத்தெட்டு வயது அம்மம்மா வரை பதினேழு பேர். வழமையாக எங்கள் கோடை ஒன்றுகூடல் ஸ்காபரோவிலேயே, மோர்னிங்சைட் பூங்காவிலோ மில்லிக்கன் பூங்காவிலோ முடிந்துவிடும். 2025 இல் பிள்ளைகள் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ரொறன்ரோ துறைமுகப் பகுதியில் ஜூலை 18ஆம் திகதி ஒரு புதிய பூங்கா திறந்திருக்கிறார்கள், அங்கே மரத்தால் செய்த பெரிய ஆந்தை இருக்கிறது, கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கலாம் என்று பாடசாலையில் கேட்டுவந்து பிடிவாதமாக நின்றார்கள்.

பூங்காவின் பெயர் பீடாசிகே. அனிஷினாபே மக்களின் மொழியில் சூரிய ஒளி நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். பூங்கா இருக்கும் தீவுக்கு ஊக்வெமின் மினிசிங் என்று பெயரிட்டிருக்கிறார்கள்: கருஞ்செரி மரங்கள் நிற்கும் இடம். முதலில் பிள்ளைகள்தான் இந்தப் பெயர்களைச் சரியாக உச்சரித்தார்கள். நாங்கள் காரில் போகும்போதே நாக்கைப் புரட்டிப் பழகினோம். எங்கள் பெயர்களை வகுப்பறையில் ஆசிரியர்கள் தடுமாறி வாசிக்கும்போது வரும் எரிச்சலை நினைத்துக்கொண்டால், இந்த இரண்டு சொற்களைப் பழகுவது பெரிய வேலையில்லை.

செரி வீதியில் வாகனம் நிறுத்த இடம் தேடி இரண்டு முறை சுற்றினோம். பிறகு சோற்றுப் பெட்டியும் தண்ணீர்க் கலனும் பாயும் மடக்குக் கதிரைகளுமாக நடந்தோம். வழியில் வெள்ளை நிறத்தில் வளைந்து நிற்கும் புதிய பாலங்கள். இவற்றை நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் செய்து, செயின்ற் லோறன்ஸ் ஆற்று வழியாகத் தெப்பக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று மருமகன் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மம்மா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். கீழே தண்ணீர் அசைந்தும் அசையாமலும் ஏரியை நோக்கிப் போகிறது. இரு கரையிலும் புல், சம்பு, கோரை.

"முகத்துவாரம் வெட்டி உட்டிருக்காங்க, என்ன மனே?" என்றார்.

அம்மம்மா மட்டக்களப்பு, கல்லடி. மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வெள்ளம் ஏறும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது, வெட்டினால் மீன் போய்விடுமா, வெட்டாவிட்டால் வேளாண்மை அழுகிவிடுமா என்று கமக்காரருக்கும் மீன்பிடிக்காரருக்கும் வாக்குவாதம் வரும். அதைப் பார்த்து வளர்ந்தவர் ஒரே பார்வையில் சொன்னதுதான் சரி. ரொறன்ரோவில் உண்மையாகவே ஒரு முகத்துவாரம் வெட்டியிருக்கிறார்கள். பூங்காவும் விளையாட்டிடமும் அதன் மேல் விரித்த பாய் போன்றவை.

கதை டொன் ஆற்றினுடையது. ஓக் றிட்ஜஸ் மேட்டில் தொடங்கி, றிச்மண்ட் ஹில், மார்க்கம், வோகன் ஆகிய நகரங்களின் மழைநீரை எல்லாம் சேர்த்துக்கொண்டு சுமார் 38 கிலோமீற்றர் ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. ஒரு காலத்தில் அது விழுந்த இடம் ஆஷ்பிறிட்ஜஸ் குடா என்ற பெரிய சதுப்பு நிலம். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் இருந்த மிகப் பெரிய நன்னீர்ச் சதுப்புகளில் ஒன்று. மீனும் பறவையும் நெற்புல்லுமாகக் கிடந்த அந்த நிலத்தை, கழிவும் நாற்றமும் நிறைந்துவிட்டது என்று சொல்லி, 1912 இல் வரைந்த துறைமுகத் திட்டத்தின்படி மண் கொட்டி நிரப்பினார்கள். தொழிற்சாலைகளும் எண்ணெய்த் தாங்கிகளும் வந்தன. ஆற்றை ஏரிக்கு நேராகப் போக விடாமல், கீற்றிங் கால்வாய் என்ற கொங்கிறீற் வாய்க்காலுக்குள் செங்கோணத்தில் திருப்பினார்கள்.

ஓடிவரும் ஆறு செங்கோணத்தில் திரும்பினால் என்ன நடக்கும்? வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வரும் மண்ணும் மரக்குற்றியும் அந்த மூலையிலேயே படியும். வாய் அடைக்கும். ஆகவே காலம் காலமாக அங்கே தூர் வாரிக்கொண்டே இருந்தார்கள். பெருமழை வந்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். டொன் வலி நெடுஞ்சாலை வெள்ளத்தில் மூழ்கிய படங்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். 2013 ஜூலை 8ஆம் திகதி அந்தப் பள்ளத்தாக்கில் கோ ரயில் ஒன்று வெள்ளத்துக்குள் நின்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளைப் படகில் இறக்க வேண்டி வந்தது. 2024 ஜூலை 16ஆம் திகதி மழையில் மறுபடி வீதி மூழ்கியது. அன்று எங்கள் உறவினர் ஒருவரின் பேஸ்மென்ற் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கனடா வந்து சேர்ந்த முதல் வருடங்களைப் பேஸ்மென்றில் கழித்த குடும்பங்களுக்கு இந்த விடயத்தை விளக்கத் தேவையில்லை.

நகரம் இதற்குப் பயப்படுவதற்கு இன்னும் பழைய காரணம் உண்டு. 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் என்ற புயல் ரொறன்ரோவைத் தாக்கியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிறைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அந்தத் தெருவின் பெரும்பகுதி வீடுகளோடு அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, இருந்த நிலங்களையும் அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. றேமோர் டிறைவ் இருந்த இடமும் இன்று பூங்காதான். ஸ்காபரோவில் ஹைலண்ட் ஓடை ஓடும் பள்ளத்தாக்கில், நாங்கள் வருடாவருடம் கறிச்சட்டி இறக்கிவைத்துச் சாக்கோட்டம் ஓடும் மோர்னிங்சைட் பூங்காவும் வெள்ளத்துக்கு ஒதுக்கிய நிலம்தான். இந்த நகரத்தில் ஏன் இத்தனை பள்ளத்தாக்குப் பூங்காக்கள் என்று யாராவது பிள்ளை கேட்டால், விடையில் பாதி ஹேசல் புயல்.

2017 இல் மத்திய அரசும் மாகாணமும் நகரமும் சமமாகப் பணம் போட்டு இந்த வேலையைத் தொடங்கின. தொடக்கத்தில் 125 கோடி டொலர், முடியும்போது ஏறத்தாழ 140 கோடி. நிரப்பிய நிலத்தைத் தோண்டி, பத்து இலட்சம் கன மீற்றருக்கு மேல் மண் அகற்றி, வளைந்து வளைந்து போகும் புதிய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றை வெட்டினார்கள். அடியில் இருக்கும் பழைய எண்ணெய்க் கழிவு தண்ணீரில் கலக்காமல் இருக்கக் களிமண் விரிப்பும் தடுப்புச் சுவரும் போட்டார்கள். 2024 தொடக்கத்தில் ஆறு புதிய வாய்க்குள் விடப்பட்டது. வெள்ளம் வந்தால் இப்போது அதற்கு மூன்று வழி: புதிய ஆறு, பழைய கீற்றிங் கால்வாய், மேலதிக நீர் தெற்கே வழிந்து போக ஒதுக்கிய பசும் பள்ளம். இதனால் 290 ஹெக்ரயர் நிலம் வெள்ள அபாயத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது. பீடாசிகே பூங்கா முழுமையடையும்போது ஏறத்தாழ 24 ஹெக்ரயர்.

தோண்டும்போது நடந்த ஒன்றைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். 2021 இல், பல மீற்றர் ஆழத்திலிருந்து வெளிப்பட்ட மண்ணில் யாரும் நடாத செடிகள் முளைத்தன. சம்பும் கோரையும். நூறு வருடத்துக்கு முன்னர் சதுப்பை மூடியபோது உள்ளே அகப்பட்ட விதைகள், வெயிலும் தண்ணீரும் பட்டதும் முளைத்திருக்கின்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

இந்த நிலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1787 இலும் 1805 இலும் மிசிசாகா மக்களிடமிருந்து ரொறன்ரோ நிலம் "வாங்கப்பட்ட" முறை சரியில்லை என்ற வழக்கு, 2010 இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. இருநூறு வருடத்துக்கு மேல். மத்தியானச் சாப்பாட்டின்போது இதைக் கதைத்தோம். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

சரி, விளையாட்டிடம். ஆந்தை உருவத்தில் சிறிய அரங்கு, றக்கூன் உருவத்தில் ஏறும் அமைப்பு, பாறைபோல் அடுக்கிய மேடு, இரண்டு தொங்கு கம்பிகள். எல்லாம் மரமும் கயிறும். உயரம் பார்த்ததும் எங்கள் வாயிலிருந்து வழமையான சொற்கள் வந்தன. ஏறாதே, விழுவாய், இறங்கு. பக்கத்தில் வேறு நாட்டுத் தாய் ஒருவர் தன் நான்கு வயதுப் பிள்ளை மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடித்தார். அவருக்குப் பிள்ளையில் அக்கறை இல்லை என்று எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். அப்படியில்லை. கனடா குழந்தை மருத்துவர் சங்கம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையே, பிள்ளைகள் தாங்களே உயரத்தையும் வேகத்தையும் அளந்து விளையாடுவது உடலுக்கும் மனப் பதற்றத்துக்கும் நல்லது என்கிறது. சங்கம் சொல்வது அபாயத்தைப் பற்றி அல்ல. பிள்ளைக்குத் தெரிந்த, பிள்ளையே தீர்மானிக்கக்கூடிய துணிச்சலைப் பற்றி. கீழே விழுந்தால் தாங்கும் தரை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் முழங்கால் உரைவதோடு போய்விடும், ஆனால் சிலவேளை எலும்பு முறியவும் கூடும். எங்கள் ஆறு வயது மகள் மூன்றாம் முறைதான் உச்சிக்குப் போனாள்.

ஆனால் தண்ணீர் அப்படியில்லை. மரத்திலிருந்து விழும் பிள்ளை அழும், நமக்குக் கேட்கும். தண்ணீரில் அகப்பட்ட பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும்போது மூச்சு எடுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த இராது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், மேலே உயர்த்தி அசைக்க முடியாது. 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள்.

நாங்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னர் வேறொரு கடற்கரையில், கடற்கரை என்றுதான் பழக்கத்தில் வாயில் வருகிறது, ஏரிக்கரையில், பத்து வயது மருமகன் காற்றடித்த மிதவை ஒன்றில் படுத்திருந்தான். கரையிலிருந்து காற்று ஏரிப் பக்கமாக வீசியது. அலையே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி. எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது மிதவை நூறு மீற்றர் தள்ளிப் போய்விட்டது. தகப்பன் பாசிக்குடாவில் நீந்தி வளர்ந்தவர். உடனே பாய்ந்தார். முப்பது மீற்றர் போவதற்குள் மூச்சு அடைத்துக்கொண்டது. கயாக் படகில் வந்த முன்பின் தெரியாத ஒருவர்தான் முதலில் தகப்பனையும் பிறகு பிள்ளையையும் கரைக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அந்த நேரம் அது தோன்றவில்லை.

அன்று பிழைத்தது எங்கே என்று பிறகு ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டோம். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான், வெதுவெதுப்பு வேறு. ஒன்ராறியோ ஏரி ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர், எங்கள் வடமாகாணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதன் ஆழம் அதிகபட்சம் 244 மீற்றர். அவ்வளவு ஆழத்தில் கோடையிலும் தண்ணீர் பனிபோல்தான் இருக்கிறது. ரொறன்ரோக் கரையில் மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ பலமாகக் காற்று வீசினால், மேலே இருக்கும் சூடான தண்ணீரை அது கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்று 20 பாகையாக இருந்த கரைநீர் இன்று 10 பாகையாகலாம். வானம் வெளுத்திருக்கும், வெயில் கொளுத்தும், தண்ணீர் மட்டும் உயிரெடுக்கும். உப்பில்லாத தண்ணீர் என்பதால் கடல் தரும் மிதப்பும் சற்றுக் குறைவு.

குளிர்நீரில் திடீரென விழும் உடல் தன் விருப்பமில்லாமலே பெருமூச்சு இழுக்கும். மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று சொல்லிக்கொடுக்கிறார். முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாமல் மூச்சை மட்டும் அடக்கு. அடுத்த பத்து நிமிடம்தான் கைகாலை உன் சொல் கேட்கவைக்க முடியும். நினைவு தப்ப ஒரு மணி நேரமாவது செல்லும். மிகக் குளிர்ந்த நீருக்கான கணக்கு இது. ஆனால் முதல் நிமிடம் எங்கள் மச்சானுக்கு அந்த ஜூலை மாதத்திலேயே நடந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவர் என்பதால்தான் யோசிக்காமல் பாய்ந்தார். பாய்வதற்கு முன் மிதக்கக்கூடிய எதையாவது எறிந்திருக்க வேண்டும், குளிர்பெட்டி மூடிகூடப் போதும். ஒருவர் 911 ஐ அழைத்திருக்க வேண்டும். காற்று நிலத்திலிருந்து ஏரிக்கு வீசும் நாளில் காற்றடித்த மிதவையை வெளியே எடுத்திருக்கவே கூடாது. அது விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு அங்கி அல்ல.

பீடாசிகேயில் ஆற்றில் குளிக்கக் கூடாது. படகு இறக்கலாம், கரையில் இருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பழைய ரொறன்ரோவின் சாக்கடைக் குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகப் போகும் பகுதிகள் உண்டு. பெருமழையில் அவை நிரம்பி ஆற்றில் வழியும். குளிக்க வேண்டுமென்றால் கிட்டத்தில் செரி கடற்கரை இருக்கிறது. நகரம் கோடையில் அங்கே தண்ணீரைச் சோதித்து முடிவை வெளியிடுகிறது. 100 மில்லிலீற்றரில் ஈ கோலை கிருமி 100 ஐத் தாண்டினால் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள். மழை பெய்து இரண்டு நாளாவது பொறுங்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவே கை எட்டும் தூரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கரையில் பத்துப் பெரியவர்கள் இருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைப்போம். ஆகவே நாங்கள் இப்போது அரை மணிக்கு ஒருவர் என்று முறைவைத்திருக்கிறோம். முறைக்காரர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. சாப்பாடும் கதைக்கவும் அவருக்குத் தடை. மற்றவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சாப்பாடு பற்றி ஒரு வரி. 25 பேருக்கு மேல் கூடினால் நகரத்தின் பூங்காக்களில் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். நாங்கள் பதினேழு பேர் என்பதால் தப்பினோம். புளிச்சாதமும் றோல்சும் கட்லட்டும், வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த கோழியும். வாத்துகளுக்குப் பாண் போட வேண்டாம் என்று சின்னவள் அம்மம்மாவுக்கு விளக்கினாள்.

அம்மம்மா நாள் முழுவதும் தண்ணீருக்கு முதுகு காட்டியே கதிரையைப் போட்டிருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியில் அவருடைய தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். அதன் பிறகு அவர் கடலைப் பார்த்ததில்லை. வீட்டில் நீச்சல் வகுப்பு என்ற சொல்லை எடுத்தாலே, தண்ணிக்குள்ள புள்ளயள இறக்காதீங்க என்பார். அவருடைய பயத்துக்கு மரியாதை கொடுத்து எங்கள் மூத்த பிள்ளைகள் இருவரை நீச்சலுக்கு அனுப்பாமலே விட்டோம். அதை இப்போது தவறு என்று நினைக்கிறோம். பயம் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூர வைப்பதில்லை. பாடசாலைச் சுற்றுலாவும், நண்பன் வீட்டுக் குளமும், பதினாறு வயதில் ஏரிக்கரை வீடும் எப்படியும் வரும். அந்த நேரம் நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம்.

உயிர்காப்புச் சங்கம் கேட்கும் அளவு பெரிதில்லை. ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் ஒரே இடத்தில் மிதத்தல், 50 மீற்றர் எப்படியாவது நீந்துதல். அழகான நீச்சல் வேண்டாம், இந்த மூன்றும் போதும். நகரத்தின் வகுப்புகளுக்குப் பதிவு அதிகாலையில் திறந்து சில நிமிடங்களில் நிரம்பிவிடும். முதல் நாளே கணக்கைத் திறந்து, வகுப்பு இலக்கத்தை எழுதிவைத்திருங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் உண்டு, விண்ணப்பம் முடிய நாள் எடுக்கும் என்பதால் முன்கூட்டியே போடுங்கள். சில சமூக நிலையங்களில் வகுப்பு இலவசம். பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கும் குளங்களும் இருக்கின்றன. சங்கடப்பட்டு ஒதுங்கும் அம்மாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பாயைச் சுருட்டினோம். பாலத்தில் அம்மம்மா மறுபடி நின்றார். இந்த முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

"வாற மாரியில மண் வந்து அடைச்சிருமே. ஆரு வெட்டுவாங்க?"

மேலே ஓரிடத்தில் மண்ணைத் தடுத்துப் பிடித்து அள்ளுகிறார்கள் அம்மம்மா, வருடாவருடம் ஆட்கள் வருவார்கள் என்று மருமகன் சொன்னார்.

"அப்ப சரி," என்றார். பிறகு சின்னவளைப் பார்த்து, "உனக்கு எப்ப கிளாஸ்?" என்று கேட்டார்.

இலையுதிர் காலப் பதிவுக்கு வந்தவுடன் நான்கு பிள்ளைகளுக்கும் இடம் எடுத்துவிட்டோம். பெரியவர்களுக்கான வகுப்பில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, மூன்றாமவர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்.